வாட்ஸ்அப் குரூப்பில் தூக்கினால் ரிட் போட முடியுமா? அரசியலமைப்புச் சட்டம், முதல் பாடம்

எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதற்காக ஆரம்பித்தது, இப்போது லாரியைத் தவிர மற்ற எல்லாம் அதில் வரும். போன மாதம் அரசியல் பேசி வாய்த்தகராறு முற்றிப்போய், அட்மின் ஒருவரைத் தூக்கிவிட்டார். தூக்கப்பட்டவர் நேராக என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். "தம்பி, நீ ஐகோர்ட்டாண்ட வேலை பார்த்தவன்தானே? ஒரு ரிட் போடணும். இந்த நாட்டுல கருத்துச் சுதந்திரம் இருக்கா, இல்லையா?"

நான் வக்கீல் இல்லை. பாரிமுனையில் ஒரு வக்கீல் ஆபீஸில் ஆறு வருடம் டைப் அடித்தவன், அவ்வளவுதான். ஆறு வருடம் அபிடவிட் அடித்தால் கொஞ்சம் சட்டம் கையில் ஒட்டிக்கொள்ளும். அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, இதற்கெல்லாம் ரிட், அதாவது அரசுக்கு எதிராக ஐகோர்ட்டில் கேட்கும் உத்தரவு, போட முடியாது என்று சொன்னேன். ஏன் முடியாது என்பதைச் சொல்லி முடிக்க ஒரு டீ போதவில்லை, மூன்று ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டை டீக்கடையில் தொடங்கி டிவி விவாதம் வரை 'அரசியலமைப்புக்கு விரோதம்' என்பதை உப்பு மாதிரி எல்லாவற்றின் மேலும் தூவுகிறார்கள். தனக்குப் பிடிக்காததெல்லாம் விரோதம். அப்படி ஒன்றும் கிடையாது.

## சீட்டு நோட்டின் முதல் பக்கம்

எங்கள் பக்கத்தில் ஏலச் சீட்டு பிடிக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். (பதிவு செய்த சீட்டா என்று கேட்காதீர்கள்.) இருபது பேர், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், இருபது மாதம். அக்காவிடம் நீளமான பழைய கணக்கு நோட்டு ஒன்று இருக்கும். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி சாயங்காலம் அவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து ஏலம். யார் எவ்வளவு தள்ளி எடுத்தார், மற்றவர்களுக்கு ஆளுக்கு எவ்வளவு வந்தது என்று அந்த மாதத்துக்கு ஒரு பக்கம் எழுதுவார். அடுத்த மாதம், அடுத்த பக்கம்.

நோட்டின் முதல் பக்கம் மட்டும் வேறு மாதிரி. அதில் எந்த மாதக் கணக்கும் இருக்காது. ஏலம் என்றைக்கு, எப்படி, சீட்டு எடுத்தவர் யாரை ஜாமீன் காட்ட வேண்டும், வர முடியாதவருக்காக யார் கேட்கலாம், அக்காவின் கமிஷன் எவ்வளவு, எடுத்தவருக்கு அக்கா எத்தனை நாளுக்குள் பணத்தைக் கொடுத்தாக வேண்டும். சீட்டு தொடங்கும் முன்பே எல்லோரும் உட்கார்ந்து பேசி, கீழே கையெழுத்தும் கைநாட்டும் வைத்த பக்கம் அது.

மாதப் பக்கங்கள்தான் நாம் சாதாரணமாகச் சொல்லும் சட்டம்: அன்றைய தேவைக்காகச் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ போடும் விதி. முதல் பக்கம்தான் அரசியலமைப்புச் சட்டம்: அந்த விதிகளை யார் போடலாம், எப்படிப் போட வேண்டும், எதைப் போடவே கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் விதி. மாதப் பக்கம் முதல் பக்கத்தோடு மோதினால் முதல் பக்கம்தான் நிற்கும். நம் அரசியலமைப்பின் 13ஆம் பிரிவு இதையே சொல்கிறது. அடிப்படை உரிமைகளுக்கு முரணாக ஒரு சட்டம் இருந்தால், முரண்படும் அளவுக்கு அது செல்லாது.

பலரும் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. முதல் பக்கத்தில் பாதிக்கு மேல் அக்காவுக்கு எதிரான விதிகள். அக்கா கெட்டவர் என்பதற்காக இல்லை, அவர் தங்கமானவர்தான், ஆனால் பணம் அவர் கையில் இருக்கிறது. யார் கையில் பணம் இருக்கிறதோ, அவர் கையைத்தான் முதலில் கட்ட வேண்டும்.

நாட்டிலும் அப்படித்தான். போலீஸ், வரி, சிறை, இடிக்கும் இயந்திரம், எல்லாம் அரசின் கையில் இருக்கிறது. எனவே அரசியலமைப்பு முதலில் அரசின் கையைக் கட்டுகிறது. இந்தக் கருத்துக்கு அரசமைப்புவாதம் என்று பெயர்: ஆட்சி செய்பவரின் அதிகாரத்துக்கும் எழுதப்பட்ட எல்லை உண்டு என்ற நம்பிக்கை. கோவலன் கதை நமக்குத் தெரியும். விசாரிக்காமல் தண்டனை கொடுத்த பாண்டியன், தப்பு தெரிந்ததும் உயிரை விட்டான். அவனுக்கு மனசாட்சி இருந்தது, சரி. மனசாட்சி இல்லாத பாண்டியன் வந்தால் என்ன செய்வது? அதற்குத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம்முடைய முதல் பக்கத்தை எழுத உட்கார்ந்த அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9 அன்று முதலில் கூடியது. வரைவுக் குழுவுக்கு அம்பேத்கர் தலைவர். 1949 நவம்பர் 26 அன்று ஏற்றுக்கொண்டார்கள், 1950 ஜனவரி 26 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கு 395 பிரிவுகள், 8 அட்டவணைகள். பிரிவு என்று நான் எழுதுவதைப் பழைய ஆட்கள் ஷரத்து என்பார்கள், இரண்டும் ஒன்றுதான்.

## பெரம்பூர் மில்லில் நடந்தது

சாதாரணச் சட்டமே உரிமை கொடுக்குமே, எதற்கு முதல் பக்கத்தில் எழுத வேண்டும் என்று கேட்கலாம். வட சென்னைக்காரன் இதைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை, பெரம்பூர்ப் பக்கம் பி அண்டு சி மில் (பக்கிங்காம் அண்டு கர்னாடிக் துணி ஆலை) இருந்த இடத்தைக் கேட்டால் போதும்.

1918 ஏப்ரலில் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கமாக அதைத்தான் சொல்கிறார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க.வும் அதில் இருந்தார். 1920இல் மில் நிர்வாகம் வாடியா முதலானவர்கள் மேல் மெட்ராஸ் ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது. தொழிலாளியைத் தூண்டிவிட்டு வேலை ஒப்பந்தத்தை மீற வைக்கிறார்கள் என்பது புகார், நஷ்டஈடும் கேட்டார்கள். கோர்ட் தடையுத்தரவும் கொடுத்தது. சங்கம் வைப்பதே சதி மாதிரி பார்க்கப்பட்ட காலம் அது, சங்கத்துக்காரர்களைக் காப்பாற்றச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது.

இந்த வழக்கு நாடு முழுக்கப் பேச்சாகி, கடைசியில் 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. நல்லது. ஆனால் சட்டம் கொடுத்ததைச் சட்டமே ஒருநாள் எடுத்துக்கொள்ளலாம், ஒரு ஓட்டெடுப்பு போதும். 1950இல் 19ஆம் பிரிவில் சங்கம் அமைக்கும் உரிமை அடிப்படை உரிமையாக ஏறியது. அப்புறம் அதில் கைவைக்க நினைக்கும் எந்த அரசும் கோர்ட்டில் காரணம் சொல்லியாக வேண்டும் என்று ஆனது. இதுதான் மாதப் பக்கத்துக்கும் முதல் பக்கத்துக்கும் உள்ள தூரம்.

இதுவரை சொன்னது: விதிகளை எப்படிப் போடுவது என்று சொல்லும் விதிதான் அரசியலமைப்பு. அது முதலில் கட்டுவது அரசின் கையை. அதில் எழுதிய உரிமையைச் சாதாரணச் சட்டம் போட்டு அழித்துவிட முடியாது.

## யார் செய்தது?

இப்போது வாட்ஸ்அப் அண்ணனுக்கு வருவோம். ஒரு விவகாரம் அரசியலமைப்பு விவகாரமா என்று பார்க்க நான் முதலில் கேட்கும் கேள்வி, என்ன நடந்தது என்பது இல்லை. யார் செய்தது என்பதுதான்.

19ஆம் பிரிவில் உள்ள பேச்சுரிமை, அடிப்படையில் அரசுக்கு எதிரான உரிமை. 'நீ பேசாதே' என்று அரசு சொன்னால் அது வேலை செய்யும். அட்மின் சொன்னால் செய்யாது. அட்மின் அரசு இல்லை, அடுத்த வீட்டுக்காரர். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவரையே திட்டினால் எழுந்து போ என்று சொல்ல மாட்டாரா, அந்தக் கதைதான் இது. அவர் செய்தது அசிங்கம் என்று நினைக்கலாம், அதற்காக அவரோடு பேசாமல் இருக்கலாம். ரிட் கிடையாது.

'அரசு' என்றால் யார் என்று 12ஆம் பிரிவு சொல்கிறது: மத்திய அரசு, நாடாளுமன்றம், மாநில அரசு, சட்டமன்றம், மாநகராட்சி மாதிரி உள்ளாட்சி அமைப்புகள், அப்புறம் 'மற்ற அதிகார அமைப்புகள்'. இந்தக் கடைசி வார்த்தைகளை வைத்துத்தான் எழுபது வருடமாக வழக்கு நடக்கிறது. கோர்ட்டுகள் பார்ப்பது, அந்த அமைப்பில் அரசின் பணமும் பிடியும் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதை. மணலிக்குப் போனால் இது கண்ணால் தெரியும். பொதுத்துறை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் தனியார் கம்பெனிகளும் ஒரே சாலையில், ஒரே புகையில் நிற்கின்றன. பொதுத்துறை ஆலையில் ஒருவரை விளக்கம் கேட்காமல் வேலையைவிட்டு நீக்கினால் அவர் 14ஆம் பிரிவை, அதாவது சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பதைக் காட்டி ஐகோர்ட்டுக்குப் போகலாம். எதிர் கேட்டில் தனியார் கம்பெனியில் அதே மாதிரி நீக்கப்பட்டவர் பொதுவாகத் தொழிலாளர் தகராறுகளுக்கான தனி மன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஒரே அநியாயம், வேறு வேறு கதவு. தப்பான கதவைத் தட்டி இரண்டு வருடம் வீணாக்கியவர்களின் வழக்குக் கட்டுகளை நானே நூல் போட்டுக் கட்டி அலமாரியில் அடுக்கியிருக்கிறேன்.

இதற்கு விலக்கு உண்டு, அதுவும் சும்மா வந்த விலக்கு இல்லை. தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவு அரசை மட்டும் பார்த்துப் பேசவில்லை, யார் கடைப்பிடித்தாலும் குற்றம் என்கிறது. கடை, ஓட்டல், கிணறு, குளம் இவற்றில் சாதி, மதம் முதலானவற்றைச் சொல்லி ஒருவரைத் தடுக்கக் கூடாது என்கிறது 15ஆம் பிரிவு. கொத்தடிமையாக வேலை வாங்குவதை 23 தடுக்கிறது. காரணம் புரிகிறதுதானே? இந்த நாட்டில் ஒரு மனிதனின் கழுத்தில் காலை வைத்தது எப்போதும் அரசு மட்டும் இல்லை, பக்கத்துத் தெருவும்தான். எழுதியவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

## ரிட் என்றால் என்ன

அடிப்படை உரிமையை அரசு மீறினால் உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ நேராகப் போய்க் கேட்கும் உத்தரவுக்குத்தான் ரிட் என்று பெயர், தமிழில் நீதிப்பேராணை. உச்ச நீதிமன்றத்துக்கு 32ஆம் பிரிவு, உயர் நீதிமன்றத்துக்கு 226. இதில் ஐந்து வகை உண்டு. போலீஸ் பிடித்துப் போன ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்று கேட்கும் ஆட்கொணர்வு மனு உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், மற்ற நான்கும் இப்போதைக்கு வேண்டாம்.

எங்கள் ஆபீஸுக்கு ஒரு நாள் எம்.சி. ரோடு பக்கம் தள்ளுவண்டியில் இட்லிக்கடை போடும் அம்மா ஒருவர் வந்தார். கையில் ஒயர் கூடை, அதற்குள் பாலிதீன் பையில் சுற்றிய ரேஷன் அட்டை, வியாபாரி அடையாள அட்டை, கரி படிந்த ஒரு இட்லித் தட்டு. முந்தின நாள் லாரியில் வந்த அதிகாரிகள் வண்டியை அப்படியே தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்களாம், மிஞ்சியது அந்தத் தட்டுதான். "ஆதாரத்துக்கு எடுத்தாந்தேன்" என்று மேஜை மேல் வைத்தார்.

எங்கள் சீனியர் வக்கீல் மூன்றே கேள்வி கேட்டார். யார் தூக்கினது? முன்னாடி நோட்டீஸ் ஏதாவது கொடுத்தார்களா? உங்களிடம் என்ன, ஏது என்று கேட்டார்களா? ரோட்டில் வண்டி போட உரிமை இருக்கிறதா என்பதை அவர் முதலில் கேட்கவே இல்லை. எனக்கு அது அன்றைக்கு விசித்திரமாக இருந்தது.

விஷயம் இதுதான். அரசுக்கு ஒரு காரியத்தைச் செய்ய அதிகாரம் இருக்கலாம், அந்த அதிகாரத்தை எந்த வழியில் பயன்படுத்தியது என்பது தனிக் கேள்வி. பாதிக்கப்படப் போகிறவருக்குச் சொல்லிவிட்டு, அவர் தரப்பைக் கேட்டுவிட்டு, அப்புறம் முடிவெடு என்பதற்கு இயற்கை நீதி என்று பெயர். இந்த யோசனை கோர்ட்டில் காலூன்றக் கொஞ்சம் காலம் பிடித்தது. 21ஆம் பிரிவு, 'சட்டம் வகுத்த நடைமுறைப்படி' தவிர வேறு எப்படியும் ஒருவரின் உயிரையோ உடல் சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது என்கிறது. 1950இல் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் மெட்ராஸ் மாகாணத்தில் தடுப்புக் காவலில் இருந்தபடி வழக்குப் போட்டபோது, முறைப்படி இயற்றிய சட்டம் ஒரு நடைமுறையைச் சொன்னால் போதும், அது நியாயமானதா என்று நாங்கள் பார்க்க மாட்டோம் என்ற போக்கில்தான் உச்ச நீதிமன்றம் பேசியது. 1978இல் மேனகா காந்தி பாஸ்போர்ட் வழக்கில் அது மாறியது: நடைமுறை இருந்தால் போதாது, அது நியாயமாகவும் இருக்க வேண்டும். 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்பு இல்லாமல் உயிர் ஏது, ஆகவே வாழ்வாதாரமும் 21க்குள் வரும் என்றார்கள்.

அந்தத் தீர்ப்பு வந்ததால் நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சட்டப்படி காலி செய்யலாம், மழைக்காலம் முடியும்வரை பொறுங்கள் என்றுதான் கோர்ட் சொன்னது. உரிமையில் ஜெயித்து வீட்டைத் தோற்ற வழக்கு என்று எங்கள் சீனியர் அதைச் சொல்வார். இட்லிக்கடை அம்மாவுக்கு வண்டி திரும்பக் கிடைத்தது, ஒரு சக்கரம் இல்லாமல்.

சுருக்கமாக: முதலில் யார் செய்தது, அடுத்து அவருக்கு அதிகாரம் உண்டா, அப்புறம் அதைச் சரியான வழியில் செய்தாரா. பாதி வழக்குகள் மூன்றாவது கேள்வியில்தான் ஜெயிக்கின்றன.

## ஸ்பீக்கரும் உரிமையும்

உரிமை என்றால் எல்லையே இல்லை என்று இன்னொரு நினைப்பு. 19ஆம் பிரிவே முதலில் உரிமைகளைச் சொல்லிவிட்டு, உடனே கீழே எந்தெந்தக் காரணங்களுக்காக அதில் 'நியாயமான கட்டுப்பாடு' போடலாம் என்று பட்டியல் தருகிறது. நியாயமான கட்டுப்பாடு என்றால், அங்கே சொன்ன காரணங்களில் ஒன்றுக்காக, தேவைக்கு மேல் போகாமல், சட்டம் போட்டுச் செய்யும் தடை. அமைச்சருக்குக் கோபம் வந்தது என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

மாதவரம் நெடுஞ்சாலை, கே.கே.ஆர். நகரில் ஒரு ஜெபக்கூடம். ஸ்பீக்கர், டிரம் சத்தம் தாங்கவில்லை என்று அங்கே உள்ள குடியிருப்போர் சங்கம் ஐகோர்ட்டுக்குப் போக, எங்கள் மத உரிமை பாதிக்கிறது என்று சர்ச் உச்ச நீதிமன்றம்வரை போனது. 2000ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்துத்தான் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை, மத உரிமையும் பொது ஒழுங்குக்கும் மற்றவர் உரிமைக்கும் உட்பட்டதுதான் என்றார்கள். உடனே சிலர் 'பார்த்தியா, அவங்களுக்கு ஆப்பு' என்பார்கள். கொஞ்சம் இருங்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது எங்கள் தெரு மூலையில் நாலு பாக்ஸ் கட்டி அதிகாலையிலேயே அம்மன் பாட்டு போடுகிறோமே, அதற்கும் இதே அளவுகோல்தான். கட்சிக் கூட்டத்துக்கும்தான்.

## எண்ணூர் சாலையில் மூன்று பட்டியல்

மத்திய அரசுக்கு எது, மாநிலத்துக்கு எது என்பதை ஏழாவது அட்டவணை மூன்று பட்டியலாகப் பிரிக்கிறது. மத்தியப் பட்டியலில் நாடாளுமன்றம் மட்டும் சட்டம் போடலாம், மாநிலப் பட்டியல் பொதுவாகச் சட்டமன்றத்துக்கு, பொதுப்பட்டியலில் இரண்டும் போடலாம். பொதுப்பட்டியலில் மோதினால் பொதுவாக மத்தியச் சட்டம்தான் நிற்கும். இதை மனப்பாடம் செய்வதைவிட ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை ஒரு பைக்கில் போய் வரலாம்.

புறப்படும் இடம் 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம். ரயில், மத்தியப் பட்டியல். சென்னைத் துறைமுகம் பெரிய துறைமுகம், அதுவும் மத்தியப் பட்டியல். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரி வரிசையை ஒழுங்குபடுத்தி நிற்கும் டிராபிக் போலீஸ்காரர் மாநிலப் பட்டியல். பக்கத்தில் அடைத்துக்கொண்ட கால்வாய், குப்பைத் தொட்டி எல்லாம் மாநகராட்சி, அதாவது மாநிலப் பட்டியலுக்குக் கீழே வரும் உள்ளாட்சி. காசிமேட்டில் மீன்பிடித்தல் மாநிலத்தின் விஷயம், ஆனால் கரையிலிருந்து 12 கடல் மைல் வரைக்கும்தான். அதைத் தாண்டினால் மத்திய அரசு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே, அதற்குக்கூட உள்ளே மாநிலச் சட்டம், வெளியே மத்திய அரசின் உத்தரவு. மீனுக்கு அந்தக் கோடு தெரியாது, போட்டுக்காரர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இன்னும் வடக்கே போனால் அனல்மின் நிலையப் புகைபோக்கி. மின்சாரம் பொதுப்பட்டியல். எண்ணூர்க் காமராஜர் துறைமுகம் பெரிய துறைமுகம் என்பதால் மத்தியப் பட்டியல், அதை ஒட்டி நிற்கும் காட்டுப்பள்ளித் துறைமுகம் அந்த வகை இல்லை என்பதால் பொதுப்பட்டியல். கழிமுகத்தில் ஒரு பிரச்சினை என்றால் மக்கள் எந்த ஆபீஸில் போய் நிற்பது என்று தெரியாமல் அலைவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பட்டியல்தான், மீதிக் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. கல்வியை மாநிலப் பட்டியலுக்குத் திரும்பக் கொடு என்று நம்மூரில் கேட்கும் குரலும் இதைப் பற்றியதே. 1976இல் 42ஆவது திருத்தம் அதைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது.

எழுதி வைத்தால் எல்லாம் தானாக நடந்துவிடுமா என்றால், இல்லை. 1992இன் 74ஆவது திருத்தம் நகராட்சி, மாநகராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்து, ஐந்து வருடத்துக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்றது. 1688இல் உண்டான நம் மாநகராட்சியில் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல்வரை கவுன்சிலரே கிடையாது, தனி அதிகாரி நிர்வாகம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சண்டை போடுவது என்று தெரியாத ஐந்து வருடம். அரசியலமைப்பு அறம் இயல்பாக வரும் உணர்வு இல்லை, பழக்கி வளர்க்க வேண்டியது என்று அம்பேத்கர் 1948லேயே சபையில் சொல்லியிருக்கிறார். எழுத்தில் இருப்பதை மதித்து நடக்கும் பழக்கத்தைத்தான் அவர் அந்தப் பெயரில் சொன்னார்.

## முதல் பக்கத்தையே மாற்றலாமா?

மாற்றலாம். 368ஆம் பிரிவு வழி சொல்கிறது: ஒவ்வொரு அவையிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. சில விஷயங்களுக்குப் பாதி மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். 2023 வரை 106 திருத்தங்கள் ஆகியிருக்கின்றன.

முதல் திருத்தத்துக்கே ஒரு முக்கியக் காரணம் மெட்ராஸ் வழக்குகள்தான், இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லித் தரவேண்டிய கதை. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இதழை மெட்ராஸ் அரசு பொது ஒழுங்கைக் காரணம் காட்டித் தடை செய்தது. ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார், 1950 மே மாதம் தடை செல்லாது என்று தீர்ப்பு. அடுத்தது கம்யூனல் ஜி.ஓ. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்தையும் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, கிறிஸ்தவர்களும் ஆங்கிலோ இந்தியருமாக 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரித்த அரசாணை. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் அதுவும் செல்லாது என்றானது. பெரியார் தெருவில் இறங்கினார், மாகாணமே கொதித்தது. ஜூன் மாதத்துக்குள் திருத்தம் வந்துவிட்டது: 15ஆம் பிரிவில் நான்காவது உட்பிரிவு, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்று. பேச்சுரிமைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் 'பொது ஒழுங்கு' ஏறியதும் அதே திருத்தத்தில்தான். ஒரே திருத்தம், ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்தது. இட ஒதுக்கீட்டுக்காக அதைக் கொண்டாடுகிறவர்கள் இரண்டாவது பாதியைப் பேசுவதில்லை.

சரி, அப்படியானால் பெரும்பான்மை இருந்தால் எதையும் மாற்றிவிடலாமா? இதற்குச் சீட்டுக்கு வர வேண்டும்.

14 மாதம் ஆயிற்று என்று வையுங்கள். 14 பேர் சீட்டு எடுத்துவிட்டார்கள், 6 பேர் பாக்கி. அந்த 14 பேரில் ஒருவர் எழுந்து, 'இனிமே மாசம் ஐயாயிரம் வேணாம், ஆயிரம் போதும், ஓட்டுக்கு விடலாம்' என்கிறார். ஓட்டுக்கு விட்டால் 14க்கு 6, மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். ஜனநாயகம் ஜெயித்தது, ஆறு பேர் பணம் போனது. அக்காவிடம் நான் இதை ஒரு தடவை கேட்டே விட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஏலத்த அஞ்சாந்தேதில இருந்து பத்தாந்தேதிக்கு மாத்தணுமா, மாத்திக்கலாம். என் கமிஷன கொறைக்கணுமா, பேசிக்கலாம். எட்த்தவன் கட்ட மாட்டேன்னா அதுக்குப் பேரு சீட்டே இல்லப்பா, திருட்டு."

1973 ஏப்ரல் 24 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். கேரள நிலச் சீர்திருத்தத்தை எதிர்த்து எடநீர் மடத்தின் கேசவானந்த பாரதி போட்ட வழக்கு. 68 நாள் விசாரணை, 13 நீதிபதிகள், ஏழுக்கு ஆறு என்று மயிரிழையில் வந்த தீர்ப்பு. நாடாளுமன்றம் எந்தப் பிரிவையும் திருத்தலாம், ஆனால் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது. அடிப்படைக் கட்டமைப்பு என்றால், எதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது அந்த அரசியலமைப்பே இல்லை என்று ஆகிவிடுமோ, அது. நேர்மையான தேர்தல், மதச்சார்பின்மை, கூட்டாட்சி, சட்டம் சரியா என்று பார்க்கும் நீதிமன்றத்தின் அதிகாரம் என்று பின்னால் வந்த தீர்ப்புகள் ஒவ்வொன்றாகச் சேர்த்தன.

இந்தப் பட்டியல் அரசியலமைப்பில் எங்கேயும் எழுதப்படவில்லை. நாம் ஓட்டுப் போடாத நீதிபதிகள், நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களைத் தடுக்கலாமா என்ற கேள்வி அன்றிலிருந்து இன்றுவரை ஓயவில்லை. அது அசட்டுக் கேள்வியும் இல்லை. அக்காவே நடுவில் விதியை 'நான் சொல்றதுதான் சீட்டு' என்று வளைக்க ஆரம்பித்தால் அவரைக் கேட்பது யார்? எனக்கு இதில் முழு நிம்மதி கிடையாது. இருந்தாலும் சீட்டு எடுக்காத ஆறு பேரில் ஒருவனாக இருந்து பார்த்தால், அந்தப் பூட்டு இருப்பதே மேல் என்றுதான் படுகிறது.

## எங்கிருந்து படிப்பது

முழுப் புத்தகத்தையும் அட்டையிலிருந்து அட்டைவரை படிக்க உட்காராதீர்கள், தூக்கம்தான் வரும். தமிழ் மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. அதில் மூன்றாம் பகுதியைத் திறந்து 12, 13, 14, 15, 17, 19, 21, 32 என்று இந்த எட்டுப் பிரிவை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். தமிழ் கொஞ்சம் முரடாக இருக்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் பக்கத்தில் 'இது யாரைப் பார்த்துச் சொல்கிறது' என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். சொத்துரிமையை அங்கே தேடாதீர்கள், 1978இன் 44ஆவது திருத்தம் அதை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து எடுத்து 300ஏ என்ற பிரிவுக்கு அனுப்பிவிட்டது.

நேற்று சாயங்காலம் அந்த வாட்ஸ்அப் அண்ணன் மறுபடி வந்தார். இந்தத் தடவை கையில் போன் இல்லை, நாலாக மடித்த ஒரு தாள். வீட்டு வாசல் படிக்கட்டு தெருவை ஆக்கிரமித்திருக்கிறது, ஏழு நாளில் இடித்துவிடுவோம் என்று நோட்டீஸ். நான் தாளை விரித்து, எழுதியிருந்ததைப் படிக்கும் முன்பு, கீழே கையெழுத்தும் முத்திரையும் யாருடையது என்று பார்த்தேன்.

"இது ஆகும்ண்ணே. உக்காருங்க. ரிட் அப்புறம், மொதல்ல பதில் எழுதுவோம்."